ஒற்றை இலை ஆர்க்கிட்

அழகில்லாத பூவுக்குப் பரிந்து பேச ஆள் கிடைப்பது கஷ்டம். மேற்கு ஆஸ்திரேலியாவில் இருக்கும் எங்கள் ஊரான மலியனப்பில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம்.

இங்கே காட்டுத் தரையில் முளைக்கும் குட்டி ஆர்க்கிட் பூக்களுக்கு ஏக மரியாதை. சிலந்தி ஆர்க்கிட் ஒன்று பூத்துவிட்டால் போதும், கங்காரு மேய்ந்துவிடாமல் இருக்க அதற்குக் கம்பிவலைக் கூண்டு போட்டுவிடுவார்கள். கழுதை ஆர்க்கிட்டுக்கு அதன் இரண்டு காதுகளுக்காகவே ரசிகர் கூட்டம் உண்டு.

களை ஆர்க்கிட் என்றும் ஒன்று இருக்கிறது. அது ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது. ஊரில் பாதிக் குடும்பங்கள் கப்பலில் வந்தவைதான், ஆனால் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. களை ஆர்க்கிட் பழுப்பும் சிவப்புமாக, கதிர் மாதிரி விறைப்பாக நிற்கும். பூத்து முடித்ததும் தூசு போல ஆயிரக்கணக்கில் விதை விடும். கண்டுகொள்ளாமல் விட்டால் மற்ற பூக்களுக்கு இடமே இருக்காது.

அதனால் ஒவ்வோர் அக்டோபரிலும் ஒரு சனிக்கிழமை, பள்ளி மைதானத்துக்குப் பின்னால் இருக்கும் காட்டில் 'தேனீ நாள்' நடக்கும். ஊரே கூடி ஒரு வேலையை முடிப்பதற்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். முதலில் களையைப் பிடுங்கவேண்டும். பிறகு ரொட்டித் துண்டில் சுட்ட சாசேஜும் வதக்கிய வெங்காயமும் வைத்துத் தின்னவேண்டும். பலர் இரண்டாவது வேலைக்காகத்தான் வருகிறார்கள்.

பள்ளியின் நான்கு அணிகளுக்கும் அன்று போட்டி. எந்த அணி அதிகப் பைகளை நிரப்புகிறதோ, அந்த அணிக்குக் கேடயம். மஞ்சள் அணி அந்தக் கேடயத்தைத் தொட்டதெல்லாம் தூசி துடைக்கச் சொன்னபோது மட்டும்தான்.

மஞ்சள் அணியில் மார்னி என்று ஒரு பெண் இருந்தாள். வயது பத்து. தொலைந்த பந்து, தொலைந்த மூக்குக்கண்ணாடி, தொலைந்த ஆமை எதுவானாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

தேனீ நாளுக்கு முந்தின நாள், மதிய இடைவேளையில் அவள் மூச்சு வாங்க ஓடி வந்தாள். அணித் தலைவன் ஹாமிஷின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஹாமிஷ், ஒரு விஷயம். யார்கிட்டயும் சொல்லக்கூடாது."

"சட்டையை விடு, கிழிஞ்சா எங்கம்மா என்னைக் கிழிப்பாங்க. என்ன?"

"விழுந்து கிடக்குற பெரிய ஜாரா மரம் இருக்குல்ல, அதுக்குப் பின்னாடி தரையெல்லாம் களை ஆர்க்கிட்! காடு மாதிரி நிக்குது. எல்லாம் இன்னும் மொட்டு."

ஹாமிஷ் ஆறாம் வகுப்பு. எங்கள் பள்ளியில் அதுதான் கடைசி வகுப்பு. கேடயத்தோடு ஒரு புகைப்படமாவது எடுத்துக்கொள்ளாமல் போய்விடுவோமோ என்ற கவலை அவனுக்கு வெகு நாளாகவே இருந்தது.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன். கிட்டப் போறதுக்குள்ள மணி அடிச்சிருச்சு. ஆனா அதேதான். அதே பழுப்பு, அதே கதிர்."

"மார்னி, உன்னைத் தோள்ல தூக்கி ஊர்வலம் போகணும்" என்றான் ஹாமிஷ். அன்று மாலைக்குள் மஞ்சள் அணி முழுவதும் அவளைப் பார்த்துக் கண்ணடித்தது. மார்னிக்குக் கால் தரையில் பாவவில்லை.

சனிக்கிழமை காலையில் எல்லோரும் தலையில் ஐஸ்கிரீம் டப்பாவைக் கவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். அக்டோபரில் மேக்பை பறவைகள் கூடு கட்டியிருக்கும். அவை பின்னாலிருந்து பறந்து வந்து மண்டையில் கொத்தும். டப்பாவின் பின்பக்கம் இரண்டு கண்களை வரைந்துவிட்டால் கொத்தாது என்று ஒரு நம்பிக்கை. கொத்து வாங்கியவர்களும் அதை விடாமல் நம்புகிறார்கள்.

தேனீ நாளுக்குத் தலைவர் ட்ரெவர். இரும்புக் கடைக்காரர். குரல் அக்கம்பக்கத்து ஊருக்கும் கேட்கும். அவர் சைக்கிள் ஹெல்மெட்டில் பிளாஸ்டிக் பட்டைகளை முள்ளம்பன்றி போலச் செருகிக்கொண்டு வந்திருந்தார்.

"கவனமாக் கேளுங்க! கிழங்கோட எடுக்கணும். கிழங்கு உள்ளயே நின்னா அடுத்த வருஷம் நம்மளப் பாத்துச் சிரிக்கும். பூ உதிராம பையில போடணும். பாம்பைப் பாத்தா கத்தாதீங்க, என்கிட்ட சொல்லுங்க."

"நீங்க என்ன பண்ணுவீங்க, ட்ரெவர்?" என்று யாரோ கேட்டார்கள்.

"நான் கத்துவேன்" என்றார் அவர்.

ஹாமிஷ் தந்திரக்காரன். முதலில் தன் அணியை வேலி ஓரத்தில் வேலை செய்ய வைத்தான். மற்ற அணிகள் ஓடைப் பக்கம் போகட்டும், பிறகு யாருக்கும் தெரியாமல் மரத்துக்குப் பின்னால் போய்விடலாம் என்பது திட்டம்.

மார்னி பழைய ஸ்க்ரூடிரைவரை மண்ணில் குத்தி, நெம்பி, ஒவ்வொன்றாக எடுத்தாள். களை ஆர்க்கிட்டுக்குத் தண்டைச் சுற்றித் தட்டையான இலைகள் நிறைய. திருப்பிப் பார்த்தால் அடியில் ஊதாப் புள்ளிகள். கொஞ்ச நேரத்தில் அவள் பார்க்காமலே, விரலால் தடவியே கண்டுபிடிக்கும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

"கிளம்பலாம்" என்று ஹாமிஷ் கிசுகிசுத்தான். "வரிசையாப் போகாதீங்க. சும்மா உலாத்துற மாதிரி போங்க."

பத்துப் பன்னிரண்டு பேர், தலையில் கண் வரைந்த டப்பாக்களுடன், சும்மா உலாத்துகிற மாதிரி போனார்கள்.

மரத்துக்குப் பின்னால் மார்னி சொன்னபடியேதான் இருந்தது. முழங்கால் உயரத்துக்குக் கதிர் கதிராக, கரும்பழுப்பு மொட்டுகள். மஞ்சள் அணி மூச்சை இழுத்துப் பிடித்தது. ஹாமிஷ் பையை உதறித் திறந்தான்.

முதல் செடியை மார்னிதான் எடுத்தாள். ஸ்க்ரூடிரைவரை நெம்பிச் செடியைப் பிடித்ததும் அவள் விரல் நின்றுவிட்டது. தட்டையான இலைகளைக் காணோம். இருந்தது ஒரே ஓர் இலை. அதுவும் குழல் மாதிரி, வெங்காயத்தாள் போல. தண்டு அந்த இலையின் உள்ளேயிருந்து துளைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது.

பக்கத்துச் செடியைக் குனிந்து பார்த்தாள். அதிலும் ஒரே இலை. அடுத்ததிலும் ஒன்றுதான்.

"நிறுத்துங்க!" என்றாள் மார்னி. "இது அது இல்ல."

"எது எது இல்ல?" என்றான் ஹாமிஷ்.

"இது களை இல்ல. இலையைப் பாரு. வேற ஏதோ ஆர்க்கிட். நம்ம ஊருதா இருக்கும்."

"நீதானே களைன்னு சொன்னே?"

"சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன்."

ஹாமிஷ் திறந்த பையைப் பார்த்தான். பிறகு கெஞ்சினான். "மார்னி, அந்தத் தப்பைத் திங்கட்கிழமை கண்டுபிடிச்சா ஆகாதா?"

"அப்ப இங்க ஒண்ணுமே இருக்காதே."

"நேத்து ஓடி வந்து சொன்னே. இன்னிக்கு மாத்திப் பேசுறே. நாளைக்கு என்ன சொல்லுவே, அது உருளைக்கிழங்குன்னா?"

சிலர் சிரித்தார்கள். சிலர் பையோடு முன்னால் போனார்கள். மார்னி அவர்கள் வழியில் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றாள். ஒரே சத்தமானது. உலாத்துகிற மாதிரி வந்ததெல்லாம் வீணாகிவிட்டது. ட்ரெவர் புதரை விலக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"என்ன இங்க சண்..." என்று ஆரம்பித்தவர் செடிகளைப் பார்த்ததும் வாயைப் பிளந்தார். "அடக் கடவுளே! இத்தனையா?"

அவர் விசிலை எடுத்து ஊதினார். சிவப்பு, நீலம், பச்சை எல்லா அணிகளும் ஓடி வந்தன. கூடவே அப்பாக்கள், அம்மாக்கள், சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தவர் கையில் இடுக்கியோடு. எல்லோர் கையிலும் எதையாவது தோண்டும் ஆயுதம்.

"ஒண்ணு விடாம எடுக்கணும்! இது வெடிச்சுப் பூத்துச்சுன்னா காடே போச்சு!"

மார்னி கூட்டத்தைப் பார்த்தாள். இந்தக் கூட்டம் இறங்கினால் அரை மணி நேரத்தில் இங்கே வெறும் மண்தான் மிஞ்சும். இத்தனை பேரை இங்கே வரவழைத்தது அவள் வாய்தான். சும்மா இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்தே இருக்காது.

"ட்ரெவர், கொஞ்சம் நில்லுங்க. இது களை இல்ல" என்றாள்.

"யார் சொன்னா?"

"நான்தான். இதுக்கு ஒரே இலை. களைக்கு நிறைய இலை, அடியில புள்ளி இருக்கும். இதோ பாருங்க."

அவள் பையிலிருந்து எடுத்து நீட்டிய களையையும் இந்தச் செடியையும் ட்ரெவர் பார்த்தார். "இது சின்னது. வளரும்போது இலை விடும்."

"மொட்டு விட்டப்புறமா இலை விடும்?"

"செடிக்குச் செடி பழக்கம் மாறும்மா" என்றார் ட்ரெவர், தனக்கே அவ்வளவு நிச்சயமில்லாத குரலில். பிறகு போனை எடுத்து மொட்டைப் படம் பிடித்தார். பூவின் பெயர் சொல்லும் வசதி அதில் இருந்தது. போன் யோசித்துவிட்டு 'வெங்காயம்' என்றது.

சாசேஜ் சுடுபவர் ஆர்வமாக எட்டிப் பார்த்தார். ட்ரெவர் போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இதோ பாரு மார்னி. நான் வருஷா வருஷம் இங்க வர்றேன். போன வருஷம் இந்த இடத்துல ஒண்ணுகூடக் கிடையாது. அதுக்கு முன்னாடி வருஷமும் கிடையாது. திடீர்னு இத்தனை வந்தா அது களைதான். நம்ம ஊர் ஆர்க்கிட் எதுவும் இப்படி மந்தையா வராது."

அவர் சொன்னது உண்மைதான். போன வருடம் இங்கே ஒன்றும் இல்லை. அவளே பார்த்திருக்கிறாள். புதர் மண்டிப்போய்க் கிடந்தது.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அழுகை வரும்போல இருந்ததால் தன் ஷூவைப் பார்த்தாள். ஒரு ஷூவுக்கு அடியில் கருப்பு மண். இன்னொன்றுக்கு அடியில் காய்ந்த சருகு.

மார்னி அப்படியே நின்றாள். பிறகு கருப்பு மண்ணில் இருந்த காலின் பக்கம் பார்த்தாள். சருகில் இருந்த காலின் பக்கம் பார்த்தாள்.

"எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க" என்று கத்தினாள். "கருப்பு மண்ணை விட்டு வெளிய வாங்க! ஒரே நிமிஷம். அப்புறம் வேணா தோண்டிக்குங்க."

"எதுக்கு?" என்றார் ட்ரெவர்.

"வாங்களேன்!"

ஊர்க் கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தது. வெளியே வந்து திரும்பிப் பார்த்தார்கள்.

போன ஏப்ரலில் தீயணைப்புப் படையினர் காட்டின் இந்த மூலையை மட்டும் எரித்திருந்தார்கள். கோடையில் பெரிய தீ பிடிக்காமல் இருக்க இப்படி முறை வைத்து எரிப்பது எங்கள் பக்கம் வழக்கம். எரிந்த தரை கருப்பாக இருந்தது. எரியாத தரையில் பழைய புதர். நடுவே அளவுகோல் வைத்துக் கிழித்தது போல ஒரு கோடு. செடிகள் அந்தக் கோடு வரை அடர்த்தியாக வந்து அங்கேயே நின்றுவிட்டன. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்றுகூட இல்லை.

"களை ஆர்க்கிட் வேலி ஓரத்துல இருக்கு, ஓடைப் பக்கம் இருக்கு. ரெண்டும் எரியாத இடம்தான், அதுக்குத் தீயே வேண்டாம்" என்றாள் மார்னி. "இது மட்டும் ஏன் எரிஞ்ச இடத்துல மட்டும் வருது? விதை பறந்து வந்திருந்தா இந்தக் கோடு அதுக்குத் தெரியுமா?"

சிலர் குனிந்து கோட்டைப் பார்த்தார்கள்.

"இது புதுசா வரல. கிழங்கு இத்தனை வருஷமும் அடியிலயே இருந்திருக்கு. தீ வந்தப்புறம்தான் பூக்க எழுந்திருக்கு. அதான் நீங்க பாத்ததே இல்ல."

ட்ரெவர் கோட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடந்தார். திரும்பி வந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். மார்னி தோண்டியிருந்த செடியை வாங்கி, அந்தக் குழல் இலையை நகத்தால் மெல்லக் கீறினார். உள்ளே தண்டு ஓடியது தெரிந்தது. அவர் கீழுதட்டைப் பிதுக்கினார்.

"நீ சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு" என்றார். "ஆனா நான் சொல்றதுலயும் இருக்கு. பூத்தாத்தான் தெரியும். அடுத்த சனிக்கிழமை வரைக்கும் விடுறேன். அதுக்குள்ள விதை வைக்காது. பூத்தது களையா இருந்துச்சுன்னா, இது மொத்தத்தையும் நீ ஒருத்தியே தோண்டணும். சம்மதமா?"

மார்னி செடிகளைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க இன்னும் அதிகமாகத் தெரிந்தன.

"சம்மதம்" என்றாள்.

மஞ்சள் அணிக்கு அன்று கடைசி இடம். கேடயம் சிவப்பு அணிக்குப் போனது. சிவப்பு அணித் தலைவி ஐலா கேடயத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். மஞ்சள் அணி ஒரு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து சாசேஜ் தின்றது. மார்னி வந்ததும் யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை.

அவள் ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போனாள். தான் பிடுங்கிய செடியை அதே குழியில் நட்டுத் தன் பாட்டில் தண்ணீரை ஊற்றினாள். அது சாய்ந்தே நின்றது. ஒரு குச்சியை முட்டுக் கொடுத்தாள்.

அந்த வாரம் நீளமாக இருந்தது. ஹாமிஷ் அவளோடு பேசவில்லை. அவன் பேசாததால் மற்றவர்களும் பேசவில்லை. ஒவ்வொரு மதியமும் அவள் தனியாகப் போய் மொட்டுகளைப் பார்த்தாள். அவை ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டு நின்றன. புதன்கிழமை அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. எல்லாவற்றையும் தோண்ட எத்தனை நாளாகும் என்று யோசித்துப் பார்த்துவிட்டு, யோசிப்பதை நிறுத்திக்கொண்டாள்.

வியாழக்கிழமை நல்ல வெயில். பெரிய செடி ஒன்றில் அடிவரிசை மொட்டுகள் திறந்திருந்தன. மார்னி மண்டியிட்டு மூக்கு படும் அளவுக்குக் குனிந்தாள்.

சுண்டுவிரல் நகத்தளவு பூ. மற்ற ஆர்க்கிட்டில் கீழே இருக்கும் உதடு போன்ற இதழ் இதில் மேலே இருந்தது. பூ தலைகீழாக நின்றது. உதடு வெள்ளையாக, ஓரம் சுருங்கி, நன்றாக இஸ்திரி போடாத கைக்குட்டை போல இருந்தது. இனிப்பாக ஒரு வாசனை வந்தது. ஒரு குட்டிக் குளவி வந்து உட்கார்ந்து, அவளைப் பொருட்படுத்தாமல் தன் வேலையைப் பார்த்தது.

களை ஆர்க்கிட்டில் இப்படி வெள்ளைச் சுருக்கம் எதுவும் கிடையாது. மார்னி வாய்விட்டுச் சிரித்தாள். தனியாக இருந்ததால் நன்றாகவே சிரித்தாள்.

சனிக்கிழமை ட்ரெவர் ஒரு கையில் மண்வெட்டியும் மறு கையில் கம்பிவலைச் சுருளுமாக வந்தார்.

"ரெண்டு எதுக்கு?" என்றாள் மார்னி.

"எப்படியும் ஒண்ணு தேவைப்படும்ல."

அவர் பூவைப் பார்த்தார். கண்ணாடி போட்டுப் பார்த்தார். கொண்டுவந்த புத்தகத்தைப் புரட்டிப் படத்தோடு ஒத்துப் பார்த்தார். வெங்காயத்தாள் ஆர்க்கிட். எங்கள் பக்கத்துச் சொந்தப் பூ. தீக்குப் பின்னால் மட்டுமே கூட்டமாகப் பூப்பது. புத்தகத்தில் இது தெளிவாகவே எழுதியிருந்தது. அவர் அந்தப் பக்கத்தைப் படித்ததில்லை, படம் அவ்வளவு சுமாராக இருந்ததால்.

"இவ்வளவுதானா?" என்றார் முதலில். பிறகு மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, "விசிலை அவசரப்பட்டு ஊதிட்டேன், மார்னி" என்றார். அவர் மெதுவாகப் பேசியதாக நாங்கள் கேள்விப்பட்டது அன்றுதான்.

செய்தி பரவ எங்கள் ஊரில் அதிக நேரம் ஆகாது. மதியத்துக்குள் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மஞ்சள் அணியும் வந்தது. ஹாமிஷ் கடைசியாக வந்தான். மார்னியைப் பார்க்காமல் நேராகப் பூவிடம் போய்க் குப்புறப் படுத்தான். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

மார்னி அந்தப் பக்கம் திரும்பாமல் ட்ரெவரோடு கம்பிவலையை விரித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது ஐலா சிவப்பு அணியோடு வந்தாள். அவசரமாகக் கோட்டைத் தாண்டிக் காலை எடுத்து வைத்தாள்.

"ஏய்! காலை எடு!" ஹாமிஷ் துள்ளி எழுந்தான். சட்டை முழுக்கக் கரி. "கோட்டுக்கு வெளிய நின்னு பாரு. உள்ள மிதிக்கக்கூடாது."

"ஓ, உன்னோட காடா?"

"இந்தப் பூ எங்க அணியோடது."

"கடைசியா வந்த அணிதானே?"

"ஆமா, கடைசிதான்" என்றான் ஹாமிஷ். "நாங்க பிடுங்கியிருந்தா முதல்ல வந்திருப்போம். பிடுங்கல."

ஐலா காலைப் பின்னால் எடுத்துக்கொண்டாள். கழுத்தை நீட்டிப் பூவைப் பார்த்தாள்.

"தலைகீழா இருக்கே! இது களை இல்லன்னு யார் கண்டுபிடிச்சது? ட்ரெவரா?"

"ட்ரெவராவது!" என்றான் ஹாமிஷ், ஊருக்கே கேட்கிற மாதிரி. "எங்க மார்னி."

மார்னி சட்டென்று குனிந்து ஷூ லேஸைக் கட்டினாள். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.